மேற்படி என்ஜின்

ஜூன் 6, சனி

குரோம்பேட்டை மல்லிகா என்க்ளேவ் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில், கலியபெருமாள் ஆகிய நான் இந்தப் பதிவைத் தொடங்குகிறேன். விஷயம் கோர்ட் வரை போனால் ஆதாரமாக இருக்கும். முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். எழுதி வைக்காத எதுவும் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது.

காலை 10.20. பி-2 வீட்டு எஸ்தர் ராணியின் வாடகைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேற்படி எஸ்தர் ராணிக்கு வயது நாற்பத்தைந்து இருக்கலாம். தன் வண்டியைத் தானே ஓட்டுகிறார். திண்டிவனம் தாண்டித் தண்ணீர்க் குழாய் வெடித்து, சூடேறி, உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டதாம். வண்டி அவருடைய இடத்தில், அதாவது பின்பக்கம் செப்டிக் டேங்க் மூடிக்கு அருகில் நிறுத்தப்பட்டது. மூன்று வருடத்துக்கு முன் நடந்த கேட் சம்பவத்தைத் தொடர்ந்து, தீர்மானம் எண் 14-இன்படி அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. தீர்மானத்தை எழுதியவன் நான்தான்.

மாலை 4.00. மேற்படி நபர் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலி போல நட்டு, நடுவில் சங்கிலிக் கப்பி மாட்டினார். கேட்டதற்கு, "என்ஜின் எறக்கணும் சார்" என்றார், ஏதோ அரிசி மூட்டை இறக்குவது போல.

ஜூன் 7, ஞாயிறு

குட்டியானை வண்டியில் இன்னொரு என்ஜின் வந்து இறங்கியது. முழு என்ஜின் அல்ல, அரை என்ஜினாம். அடிப்பாகம் மட்டும்தான். மேலே மூடி இல்லாத இட்லிக் கொப்பரை மாதிரி நான்கு ஓட்டைகள் தெரிகின்றன.

விதி 9-இன்படி (வளாகத்துக்குள் வாகனம் பழுது பார்த்தல்) நோட்டீஸ் தயாரித்து நேரில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னேன். கை பூராவும் கிரீஸ், பேனாவைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஆயிரக்கணக்கான கைநாட்டு பார்த்தவன் நான். இவ்வளவு தெளிவாக ரேகை விழுந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 8, திங்கள்

நோட்டீஸுக்குப் பதில் வராததால் நேரில் விசாரிக்கப் போனேன். எஸ்தர் ராணி வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். காலோடுதான் பேச வேண்டியிருந்தது.

"இங்க என்ஜின் பிரிக்கக் கூடாதும்மா. வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்க."

"மூணு வாரம் ஆகும்னு சொல்றாங்க சார். ஒண்ணாந்தேதி காலைல நான் ரோட்ல இருக்கணும். நாலு நர்சுங்கள ஆறு மணி ஷிப்டுக்கு எறக்கிவிடற காண்ட்ராக்ட். இந்த மாசம் பூரா ஆட்டோல போய்க்கிறோம், அதுக்கு மேல வேற வண்டி பாத்துப்போம்னு சொல்லிட்டாங்க."

"அதுக்காக நீங்களே பிரிக்கறதா? உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

வெளியே வந்தார். முகத்தில் ஒரு கன்னம் மட்டும் கறுப்பு. "பதினோரு வருஷம் எங்க வீட்டுக்காரரோட ஷெட்ல நின்னவ சார். அவர் குடிச்சிட்டுப் படுத்த நாள்லல்லாம் வண்டிய யார் முடிச்சுக் குடுத்தாங்கன்னு நெனக்கிறீங்க?"

(அந்த வீட்டுக்காரர் இப்போது வேலூரில் வேறு ஒரு குடும்பத்தோடு இருப்பதாக என் மனைவி வேதவல்லி தகவல். பதிவுக்குத் தொடர்பில்லாதது.)

திட்டத்தையும் விளக்கினார். பழைய என்ஜினில் அடிப்பாகம் போய்விட்டது. மேலே இருக்கும் தலை, அதாவது சிலிண்டர் ஹெட், நன்றாக இருக்கும் என்று நம்புகிறார். வாங்கி வந்த அரை என்ஜினுக்குத் தலை கிடையாது. இந்தத் தலையைக் கழற்றி அந்த உடம்பில் வைக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

"சார், ஒரே நிமிஷம் இந்த டார்ச்ச புடிங்க" என்றார்.

பிடித்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேற்பார்வை செய்ததாகவே இதைக் கொள்ள வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

என் காரின் மேலுறையை நைலான் கயிற்றால் கூடுதலாக இரண்டு சுற்றுக் கட்டினேன். எஸ்தர் ராணி இரும்பைத் தட்டுவதில் தூசு பறக்கிறது. முழங்கால் வலியால் வண்டி ஓட்டுவதை நான் நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் அதன்மேல் தூசு படக் கூடாது.

வேதவல்லி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மாடியும் படியேறித்தான் போனேன். "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்ட விதம் சரியில்லை.

ஜூன் 11, வியாழன்

பழைய என்ஜின் வெளியே வந்துவிட்டது. சங்கிலியில் தொங்கியபோது வீட்டுக்கு ஒருவராவது பால்கனிக்கு வந்து பார்த்தார்கள். பொருளாளர் நாகசுந்தரம் (ஏ-4) மட்டும் இறங்கி வந்தார். கட்டிடத்தில் யார் வீட்டுக் கொடியில் எத்தனை துணி காய்கிறது என்று கணக்கு வைத்திருப்பவர்.

"என்ன செக்ரட்டரி, நோட்டீஸ் குடுத்துட்டு நீங்களே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டீங்க?"

"கண்காணிப்பு."

"கைல ஸ்பானர் இருக்கே?"

பார்த்தேன். இருந்தது. பதினேழாம் நம்பர். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

28-ஆம் தேதி பொதுக்குழுவில், வாடகை வண்டிகளுக்கு வளாகத்துக்குள் இடமே கிடையாது என்று தீர்மானம் கொண்டு வரப் போகிறாராம். "கேட்ட இடிச்ச அன்னைக்கே வெளிய அனுப்பிருக்கணும். நீங்கதான் எரக்கப்பட்டு செப்டிக் டேங்க் பக்கம் குடுத்தீங்க" என்றார். எஸ்தர் ராணி காதில் விழுந்திருக்கும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13, சனி

இன்று தலை கழன்றது. பத்து போல்ட்டு. ஒன்பது ஒழுங்காக வந்தது. பத்தாவது வர மறுத்தது. எஸ்தர் ராணி அதனிடம் ஏதோ சொன்னார். அச்சில் ஏற்ற முடியாது. உடனே வந்துவிட்டது.

தலைக்கும் உடம்புக்கும் நடுவே கேஸ்கட் என்று ஒரு மெல்லிய தகடு. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஒட்டிக்கொண்டிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்ட வேண்டும். இரும்பு பட்டால் கீறல் விழும், பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றார். என் மூத்த குடிமக்கள் மன்ற அடையாள அட்டையைக் கொடுத்தேன். மிக நன்றாகச் சுரண்டியது. அட்டையால் கிடைத்த முதல் பயன் இதுதான்.

புதுக் கேஸ்கட்டை வளையாமல் பத்திரப்படுத்தும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

வேதவல்லிக்கு முதுகு வலி. காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

தலையை ஆட்டோவில் ஏற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். சாட்சி தேவைப்படலாம் என்று நானும் போனேன். மடியில் வைத்துக்கொண்டேன். பிறந்த குழந்தையின் கனத்தைப் போல நான்கு மடங்கு இருக்கும்.

பட்டறைக்காரர் அதன்மேல் ஒரு நேர்கட்டையை வைத்துப் பார்த்தார். பிறகு ஏதோ சிவப்பு மையைத் தடவித் துடைத்தார். இரண்டு வால்வுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று சிவந்து நின்றது.

"விரிசல். தேறாதும்மா."

"வெல்டு வெச்சு?"

"நாளைக்கே ஓடும். நாளான்னைக்கு நீங்க திண்டிவனத்துல நிப்பீங்க."

திரும்பும்போது எஸ்தர் ராணி பல்லாவரம் சிக்னலில், "பதினாலு நாள் இருக்கு சார்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜூன் 18, வியாழன்

இரண்டு நாளாகப் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டார். அந்த மாடல் வருவது நின்று பல வருடம் ஆகிறது. எங்கும் தலை இல்லை. கிடைத்த ஒன்றுக்கும் போல்ட் மாட்டும் காது உடைந்திருந்தது.

மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். கை கழுவியிருந்தார். இந்தப் பன்னிரண்டு நாளில் அவர் கையைச் சுத்தமாகப் பார்த்தது இன்றுதான். வேதவல்லி காபி கொடுத்தாள்.

"சார், கேக்கக் கூடாதுதான். உங்க வண்டியும் அதே மாடல். மூணு வருஷமா உறையப் போட்டு நிக்குது. அந்த ஹெட்ட எனக்குக் குடுங்க. ஆறு மாசத்துல வேற எங்கயாவது தேடிப் புடிச்சு, அதே மாதிரி மாட்டிக் குடுத்துடறேன். எழுதி வேணும்னாலும் தரேன்."

மறுக்க வேண்டியிருந்தது. காரணங்கள்: (1) அது என் முதல் கார். (2) பணி ஓய்வின்போது வாங்கியது. (3) உறையைக் கழற்றினால் வெயில் பட்டுப் பெயின்ட் வெளுக்கும். (4) அந்த வண்டியோடு எனக்கு உணர்வுபூர்வமான உறவு இருக்கிறது.

நான்காவது காரணத்தைச் சொன்னபோது வேதவல்லி காபி டம்ளரை வைத்த சத்தம் கொஞ்சம் அதிகம்.

எஸ்தர் ராணி "சரி சார்" என்று எழுந்துவிட்டார். அவர் போன பிறகு வேதவல்லி ஒரு பழைய விஷயத்தை எடுத்தாள். இங்கே எழுதத் தேவையில்லை.

ஜூன் 19, வெள்ளி

நாகசுந்தரம் தீர்மானத்தின் நகலை எல்லா வீட்டுக் கதவிலும் செருகியிருக்கிறார். முதல் வரியே, "கேட்டை இடித்து நாசம் செய்த முன்வரலாறு உள்ள" என்று தொடங்குகிறது. என் பழைய தீர்மானத்திலிருந்து எடுத்த வார்த்தைகள். முன்வரலாறு என்ற சொல்லை நான்தான் போட்டேன். அன்றைக்கு அது நல்ல சொல்லாகத் தோன்றியது.

எஸ்தர் ராணி கீழே அரை என்ஜினைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டிருந்தார். நான்கு மூலைக்கும் கல் வைத்தார். வேலையைக் கைவிட்டவர்கள் அப்படித்தான் மூடுவார்கள்.

வேதவல்லி ராத்திரி சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஜூன் 20, சனி

வழி கண்டுபிடித்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு எஸ்தர் ராணியைக் கூப்பிட்டு, ஹெட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு நிபந்தனையோடு. உறையைக் கழற்றக் கூடாது. பெயின்ட்.

"உறைய கழட்டாம பானெட்ட எப்படி சார் தூக்கறது?"

அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். வேதவல்லியின் தையல் கத்தரிக்கோலால் உறையின் மேல்பக்கம் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டினேன். வயிறு மட்டும் தெரியும்படி துணி போர்த்திய ஆபரேஷன் நோயாளி போல வண்டி கிடந்தது. எஸ்தர் ராணி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

உள்ளே கைவிட்டு லீவரை இழுத்தார். பானெட் வரவில்லை. மறுபடி இழுத்தார். இடது பக்கம் கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றது.

"முன்னாடி லாக்கு வளைஞ்சிருக்கு சார். எங்கயாவது இடிச்சீங்களா?"

"இல்லையே."

"முன்னாடி தட்டி நிமித்தினாத்தான் வரும். உறைய எடுத்தே ஆகணும்."

பெயின்ட்டைப் பற்றி மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் மாடியிலிருந்து வேதவல்லி இறங்கி வந்து, நான் ஒன்பதாம் தேதி போட்ட நைலான் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

உறை கீழே விழுந்தது. இடது முன்பக்கம் உள்ளே போயிருந்தது. பம்பரில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சைக் கோடு.

எஸ்தர் ராணி குனிந்து நகத்தால் சுரண்டினார். நகத்தில் பச்சை ஒட்டியது. கேட்டுக்கு இப்போது காப்பிக் கொட்டை நிறம். ரிப்பேருக்குப் பிறகு அடித்தது. அதற்கு முன் என்ன நிறம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன்.

ஜூன் 21, ஞாயிறு

இன்று எழுத எதுவும் இல்லை.

ஜூன் 22, திங்கள்

இந்தப் பதிவு ஆதாரமாக இருக்க வேண்டும் என்று தொடங்கியவன் நான். அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம். காஞ்சிபுரத்தில் வேதவல்லியின் அக்கா பேத்திக்குக் கல்யாணம், விடிகாலை முகூர்த்தம். நல்ல மழை. வாட்ச்மேன் ஊருக்குப் போயிருந்த வாரம். நானே கேட்டைத் திறந்தேன். இடது கதவு காற்றில் திரும்பி வந்தது எனக்குத் தெரியவில்லை. வைப்பர் போடவில்லை. போட மறந்துவிட்டேன். போய் மோதினேன். கதவு மடங்கி நின்றது.

வேதவல்லி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றேன். வண்டியை உள்ளே தள்ளி உறை போட்டேன். ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய் அங்கிருந்து பஸ் ஏறினோம். மாப்பிள்ளை தாலி கட்டியதை நான் பார்க்கவே இல்லை. கேட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பியபோது வாசலில் கூட்டம். நாகசுந்தரம் தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு வீடு திரும்பியது எஸ்தர் ராணியின் டாக்ஸி மட்டும்தான் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். "தீர்மானம் எழுதிடலாமா சார்?" என்று யாரோ கேட்டார்கள். எழுதினேன்.

முந்தாநாள் எஸ்தர் ராணி கேட்டது இதுதான்: "நீங்களா?"

ஆமாம் என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். டயர்மேல் உட்கார்ந்தார். நகத்தில் ஒட்டிய பச்சையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு பதினாறு மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன் சார். கண்ணு சொருகிட்டே வந்தேன். நான் இடிக்கலன்னுதான் முதல்ல சொன்னேன். நீங்க எல்லாரும் அவ்ளோ உறுதியா சொன்னதும், இடிச்சிருப்பேனோன்னு ஆயிடுச்சு. தூக்கத்துலயே இடிச்சிட்டு, ஞாபகம் இல்லாம மேல போயிப் படுத்துட்டேனோன்னு. அன்னைலேர்ந்து நான் வெளியூர் டிரிப்ப ராத்திரி எடுக்கறதில்ல. வண்டில குழந்த ஏறினா நாப்பதத் தாண்ட மாட்டேன். மூணு வருஷம் சார்."

செப்டிக் டேங்கின் நாற்றத்தைப் பற்றித்தான் நான் இவ்வளவு நாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

எஸ்தர் ராணி கீழே வரவில்லை. பதினோரு மணிக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பி-2 கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். "பெருமதிப்பிற்குரிய" என்று தொடங்கியிருந்தது.

கதவைத் திறந்தவர் தாளைப் பார்த்தார்.

"மன்னிப்பா சார்?"

"ஆமாம்மா."

"அது இப்ப வேணாம். ஹெட்டு வேணும்."

ஸ்பானரை மட்டும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

ஜூன் 25, வியாழன்

என் வண்டியின் தலை கழன்றது. காற்று வடிகட்டும் பெட்டிக்குள் எலி ஒன்று குடித்தனம் நடத்தியிருக்கிறது. கூடு முழுக்கக் கிழித்த காகிதம். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். "அனைத்துக் குடியிருப்போரும் தவறாமல்" வரை படிக்க முடிந்தது. என் சுற்றறிக்கைகளை இந்தக் கட்டிடத்தில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரே ஜீவன்.

லேத்தில் காட்டினோம். நேர்கட்டை, சிவப்பு மை. கோடு எதுவும் இல்லை. பட்டறைக்காரர், "சும்மா நின்ன வண்டி போல. புதுசு மாதிரி இருக்கு" என்றார். எஸ்தர், "ஆமா, ரொம்பப் பத்திரமா மூடி வெச்சிருந்தாங்க" என்றார்.

இந்த ஐந்து நாளில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம். எனக்குப் போதும்.

ஜூன் 27, சனி

மெத்தைக்கு அடியிலிருந்து கேஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். வேதவல்லி பார்த்துவிட்டாள். இரண்டு வாரத்து முதுகு வலிக்கும் சேர்த்து ஒரு பார்வை.

அரை என்ஜினைக் கட்டைகள்மேல் நிறுத்தி, கேஸ்கட்டைப் பொருத்தி, தலையை இருவருமாகத் தூக்கி வைத்தோம். பத்து போல்ட்டையும் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, வரிசை மாறாமல் முறுக்க வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் தலை கோணும், மூன்று சுற்றாகத்தான் இறுக்க வேண்டும். அதற்கென்று ஒரு ரெஞ்சு இருக்கிறது. தேவையான இறுக்கம் வந்ததும் டிக் என்று சத்தம் போடும்.

நான் நோட்டில் கட்டம் போட்டு வரிசை எண்ணைப் படித்தேன். அவர் முறுக்கினார்.

"ஒன்று."

டிக்.

"இரண்டு."

டிக்.

முப்பது டிக். மூன்றாம் சுற்றில் ஏழாவதில் அவருக்குக் கை வழுக்கியது. ரெஞ்சை என்னிடம் நீட்டினார். நான் முறுக்கினேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. டிக் வந்தது. நோட்டில் ஏழாம் கட்டத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

பொதுக்குழு. பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். ஒன்பது வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். பின்னால் கட்டைமேல் என்ஜின் நின்றது. யாரும் அழைக்காமலே வந்த பத்தாவது உறுப்பினர்.

நாகசுந்தரம் தீர்மானத்தைப் படிக்க எழுந்தார். அதற்கு முன் ஒரு அறிக்கை இருக்கிறது என்று நான் எழுந்தேன். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "மேற்படி கேட்டை இடித்தவர் செயலாளர் கலியபெருமாள் ஆகிய நானே" என்று படித்தேன்.

நாகசுந்தரம்தான் முதலில் பேசினார். "இது விதிப்படி செல்லாது. செயலாளர் மேல புகார்னா ஏழு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்."

"யாருக்கு?"

"செயலாளருக்கு."

"பெற்றுக்கொண்டேன்" என்றேன்.

ஏ-1 அம்மாள், "அட, அது பழைய கதை. விடுங்க சார். இன்னைக்குத் தண்ணி லாரி ஏன் வரல, அதச் சொல்லுங்க" என்றார். இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள். மூன்று வருடம் என் தூக்கத்தைக் கெடுத்தது நாலு நிமிடத்தில் தண்ணீர் லாரியாகிவிட்டது. எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது.

எஸ்தர் எழுந்தார். "பழைய கதை இல்லங்க. எனக்கு இன்னைக்குக் கதை. அந்தப் பதினாலாம் தீர்மானத்துல என் பேரு இருக்கு. அத எல்லார் முன்னாடியும் அடிங்க."

பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன். சிவப்பு மையால் அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். அடித்தல் திருத்தலுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும், அது இல்லாமல் செல்லாது. ஒன்பது பேரிடமும் வாங்கினேன். நாகசுந்தரம் "எதிர்ப்புடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதற்கு எதிர்ப்பு என்று அவருக்கே தெரியாது. அவருடைய தீர்மானம் ஆறுக்கு மூன்றில் தோற்றது.

முன்பக்க இடம் மறுபடியும் எஸ்தருக்கு. என் வண்டிக்குச் செப்டிக் டேங்க்.

ராஜினாமா கொடுத்தேன். செயலாளர் வேலை வேறு யாருக்காவது வேண்டுமா என்று கேட்டேன். எல்லோரும் அவசரமாக மாடிக்குப் போய்விட்டார்கள். ராஜினாமா ஏற்கப்படவில்லை.

ஜூன் 29, திங்கள்

என்ஜினை வண்டிக்குள் இறக்கினோம். வேதவல்லி சங்கிலி இழுத்தாள். முதுகு வலி போய்விட்டதாம்.

ஜூன் 30, செவ்வாய்

மாலை 5.10. முதல் முயற்சி. இருமியது. இரண்டாவதிலும் இருமல்தான். எஸ்தர் இறங்கி, டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றைப் பிதுக்கி வெளியேற்றினார். மூன்றாவது முறை கிளம்பியது. வெள்ளையாகப் புகை வந்து ஏ-4 பால்கனிக்குள் முழுவதுமாகப் போனது. இது திட்டமிட்டதல்ல.

எஸ்தர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அப்படியே இருந்தார். வேதவல்லி போய் ஜன்னல் வழியாக அவர் தலையில் கை வைத்தாள். எனக்கு அங்கே வேலை இல்லை. வானெல்லாம் புகை, அதனால் கண் எரிந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஹெட் போல்ட்ட மறுபடி டைட் பண்ணிப் பாக்கணும். அந்த நோட்ட எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

ஜூலை 1, புதன்

காலை 5.15. எஸ்தர் வேலைக்குக் கிளம்பினார். நானே கேட்டைத் திறந்தேன். இரண்டு கதவையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 4, சனி

248 கி.மீ.

ஜூலை 8, புதன்

611. மீட்டரைப் படிக்கத் தினமும் வண்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏ-1 அம்மாள் என்னைத் திருடன் என்று நினைத்துச் சத்தம் போட்டார்.

ஜூலை 12, ஞாயிறு

981. ஞாயிற்றுக்கிழமை நர்சுகள் இல்லை. வண்டி சும்மா நிற்கிறது. பத்தொன்பது கிலோமீட்டர்தான் பாக்கி.

எனக்குப் பொறுக்கவில்லை. பத்தொன்பது கிலோமீட்டரில் போய்வர நமக்கு யார் இருக்கிறார்கள் என்று வேதவல்லியைக் கேட்டேன். யோசித்துவிட்டு, என் சித்தப்பா மகன் மேடவாக்கத்தில் இருப்பதை ஞாபகப்படுத்தினாள். போக ஒன்பதரை, வர ஒன்பதரை. அவனோடு பேச்சுவார்த்தை நின்று எட்டு வருடம் ஆகிறது. காரணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் யார் பக்கம் நியாயம் என்பதை இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சும்மா கூட்டிப் போகச் சொல்லி எஸ்தரைக் கேட்கக் கூடாது என்று செல்போனில் டாக்ஸி செயலி வழியாக முறையாக வண்டி பதிவு செய்தேன். எங்கள் வாசலிலேயே நின்றதால் அவருக்கே விழுந்தது. எஸ்தர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வேதவல்லி முன்சீட்டில் ஏறினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு.

என்ஜின் ஓடியது. வண்டி நகரவில்லை.

எஸ்தர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஓடிபி சொல்லுங்க சார்."

"என்னம்மா, என்னைத் தெரியாதா?"

"தெரியும் சார். அதான் கேக்கறேன்."

வேதவல்லி சிரிக்க ஆரம்பித்தாள். எஸ்தரின் தோளும் குலுங்கியது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செல்போனைத் தூரப் பிடித்து, நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக, தெளிவாக, உள்ளது உள்ளபடி படித்தேன்.

வண்டி கிளம்பியது.